பின்னறைப் பூட்டும் இரண்டாவது பிரேக்கும்

ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்வதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூடவே நடந்தபடி கேட்டாயே: "அக்கா, ஊருக்கெல்லாம் பொருளாதாரம் பாடம் நடத்துனவ நீ. நீயே சொல்லு. நண்டுவ எங்க சேக்கலாம்? உங்க ஊர்லயா, இங்கயா?" நான் கையை மட்டும் ஆட்டினேன். யோசித்து எழுதுகிறேன் என்று அதற்கு நீ அர்த்தம் செய்துகொண்டிருப்பாய்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் போனில் பேசினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். இருவரும் ஒரே நேரத்தில் பேசுவோம், இருவரும் ஒரே நேரத்தில் கோபித்துக்கொண்டு வைப்போம். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ வாயை மூடிக்கொண்டு இருந்துதான் ஆக வேண்டும்.

பக்கவாட்டில் தவழ்ந்தாள் என்பதற்காக நாம் நண்டு என்று கூப்பிட ஆரம்பித்த உன் மகள், இன்று இரண்டு பல்கலைக்கழகங்கள் கூப்பிடும் அளவுக்கு வளர்ந்துவிட்டாள். இங்கே, என் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடக்கூடிய பழைய பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம். அங்கே, உன் வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய புதிய பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம். கடைசி வருடம் ஒரு கம்பெனியில் வேலைப் பயிற்சியும் உண்டு என்றாய். மே இருபதுக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சம்மதம் சொல்லியாக வேண்டும்.

என் வழக்கப்படி ஒரு உதாரணம் சொல்கிறேன், சிரிக்காதே. ஒருவன் குடை வாங்கப் போனான். கடையில் இரண்டு குடை. ஒன்று பெரியது, இரண்டு பேர் நனையாமல் நிற்கலாம். இன்னொன்று மடக்குக் குடை, பைக்குள் அடங்கிவிடும். எது நல்ல குடை? பெரியதுதான். ஆனால் மழை வரும்போது பெரிய குடை வீட்டு மூலையில் சாய்ந்திருக்கும், சின்னக் குடை கையில் இருக்கும். பழைய பல்கலைக்கழகம் பெரிய குடை. பெயருண்டு, நூலகமுண்டு. ஆனாலும் கைக்கு உதவுவது வேலைப் பயிற்சியோடு வரும் படிப்புதான். அவள் அம்மா போன பிறகு அந்த வீட்டில் நீங்கள் இருவர்தானே இருக்கிறீர்கள். அவள் உன்னோடு இருப்பதுதான் முறை. அங்கேயே சேர்த்துவிடு.

என் முட்டி பரவாயில்லை. மாடிப்படியைப் பக்கவாட்டில் இறங்குகிறேன், நானும் நண்டாகிவிட்டேன். பின்னறையில் இருந்த பழைய வினாத்தாள் கட்டுகளை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டேன். சுவருக்கு வண்ணமடிக்கவும் ஆள் சொல்லியிருக்கிறேன். சும்மாதான். தூசி தாங்கவில்லை.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 11

அக்காவுக்கு,

உன் குடை வந்து சேர்ந்தது. நண்டுவுக்கும் படித்துக் காட்டினேன். "ம்" என்றாள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவனுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். கற்றுக்கொள்ள வருகிறவர் "ம்" என்றால் ஒன்றும் புரியவில்லை என்றோ, எல்லாம் புரிந்துவிட்டது என்றோ அர்த்தம். எது என்று அடுத்த வளைவில்தான் தெரியும்.

உண்மையைச் சொன்னால், நீ வேறு மாதிரி எழுதுவாய் என்று நினைத்திருந்தேன். பெட்டியைக் கட்டி அனுப்பு என்பாய் என்று எதிர்பார்த்தேன். சரி, நீ படித்தவள், யோசித்துத்தான் எழுதியிருப்பாய். ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இங்கே இருக்கிற பல்கலைக்கழகத்தில் இன்னும் சிமெண்ட் வாசனையே போகவில்லை. உங்கள் ஊரில் இருப்பதில் எத்தனை பேர் படித்து என்னென்னவோ ஆகியிருக்கிறார்கள். என் மகள் அங்கே போகட்டும். எனக்காக அவளை இங்கே நிறுத்தி வைக்க வேண்டாம். சமைக்கத் தெரியும், துவைக்கத் தெரியும், தனியாக இருக்கவும் பழகிக்கொள்வேன். அவளுக்கு அந்தக் கவலையே வரக்கூடாது என்று, "நீ போனதும் உன் ரூமை தியரி கிளாஸ் ஆக்கப்போறேன்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். சாலை விதி சொல்லிக்கொடுக்க எனக்கும் இடம் வேண்டாமா?

இப்போது ஒரு பல் டாக்டர் கற்றுக்கொள்கிறார். பல்லைப் பிடுங்கும்போது நடுங்காத கை, கியரைப் பிடித்தால் நடுங்குகிறது. அவர் வண்டியைத் திருப்பிப் பழக அகலமான ரோடு வேண்டும். அது புதிய பல்கலைக்கழக வாசலில்தான் இருக்கிறது. அதனால் தினமும் அந்தப் பக்கம் போகிறேன். பெரிய கேட். உள்ளே மரம் வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து சைக்கிளிலேயே வந்துவிடலாம்.

அதெல்லாம் இருக்கட்டும். உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இந்த மாதக் கடைசியில் புது மாணவர்களைக் கூப்பிட்டுச் சுற்றிக் காட்டுகிறார்களாம். நண்டுவை அனுப்புகிறேன். ஒரு ராத்திரி உன் வீட்டில் தங்குவாள். நீயே அவளிடம் பேசிப்பார்.

தம்பி


ஏப்ரல் 25

அன்புள்ள தம்பிக்கு,

நண்டு பத்திரமாக வந்து சேர்ந்திருப்பாள். அவள் துண்டை இங்கே மறந்துவிட்டுப் போய்விட்டாள். துவைத்து வைத்திருக்கிறேன்.

சாயங்கால ரயிலில் வந்தாள். என்னைவிட உயரமாகிவிட்டாள். நான் சாப்பாட்டுத் தட்டைக் கழுவப் போனால், "முட்டிய வச்சுக்கிட்டு எதுக்கு அத்தை நிக்கிறீங்க" என்று பிடுங்கிக்கொண்டாள். ஹாலில் சோபாவில் படுக்கை போட்டேன். பின்னறையில் சாமான் நிறைய இருக்கிறது, அதனால் பூட்டி வைத்திருக்கிறேன். சோபா கொஞ்சம் குட்டை. அவள் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் நானும் கூடப் போனேன். ஒவ்வொரு துறைக்கும் ஒரு மேசை போட்டிருந்தார்கள். பொருளாதார மேசையில் ஒரு விரிவுரையாளர், உன் வயதுதான் இருக்கும். அவரிடம் நண்டு கேட்டாள்: "எங்க அப்பா டிரைவிங் ஸ்கூல் ஃபீஸ ஏத்தினாரு சார். ஆள் குறையும்னு பயந்தோம். ஆனா முன்னைவிட அதிகமா வந்தாங்க. ஏன்?" நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அந்த மனிதர் என்னை முந்திக்கொண்டார். ஆனால் அவரும் பதில் சொல்லவில்லை. "பக்கத்து ஸ்கூல்காரங்களும் ஏத்தினாங்களா? எந்த மாசம்? புதுசா வந்தவங்க யாரு, காலேஜ் பசங்களா, வேலைக்குப் போறவங்களா?" என்று திருப்பிக் கேட்டார். இவள் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவள், மேசை விரிப்பை மடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் இப்படி ஒரு முகத்தை எப்போதாவதுதான் பார்க்கக் கிடைக்கும்.

ஆனாலும் என் கருத்தில் மாற்றமில்லை. அவள் அங்கேயே, உன் பக்கத்திலேயே படிக்கட்டும். ரயிலேற்றப் போனபோது ஸ்டேஷனில் ஏதோ கேட்க வந்தாள். "அத்தை, ஒருவேளை நான் இங்க…" என்று ஆரம்பித்தாள். "ரயில் வந்துடுச்சு பாரு" என்றேன். ரயில் வர நேரம் இருந்தது. உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து எழுந்து பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு இருவரும் வெறும் தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றோம்.

ஏனோ அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


மே 1

அக்கா,

கோபத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நண்டு வந்ததிலிருந்து சரியாகப் பேசவில்லை. நேற்றுத்தான் வாயைத் திறந்தாள். "அத்தை வீட்டுல எனக்கு இடமில்லப்பா. அந்த ரூமப் பூட்டி வச்சிருக்காங்க. நான் பாக்கக் கூடாதுன்னு சாவிய இடுப்புலயே சொருகி வச்சிருந்தாங்க" என்றாள். அறையில் சாமான் நிறைய இருக்கிறது என்று எனக்கு எழுதுகிறாய். வினாத்தாளை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டேன் என்று அதற்கு முந்தின கடிதத்தில் எழுதியதும் நீதான். அதையும் எடுத்து வைத்துப் பார்த்துவிட்டேன். வாத்தியாரம்மாவுக்குப் பொய் எழுதவும் தெரியும் என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

உன் முட்டி ஆபரேஷனுக்கு யார் வந்து இருந்தது? பரீட்சைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, உன்னைக் குளியலறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போனவள் யார்? அவளுக்கு சோபாவா? அவள் வந்தால் உனக்குத் தொந்தரவு என்றால் என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். குடை, மழை என்று எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்?

முழுக் கோபமும் உன் மேல்தான் என்று எழுத ஆசை. முடியவில்லை. அவள் உன் வீட்டில் இருந்த அன்று நான் இங்கே ஒரு வேலை செய்தேன். தியரி கிளாஸ் என்று சும்மா சொன்னால் நம்ப மாட்டாள், நான் தனியாக இருந்துவிடுவேன் என்று அவளுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்று, சாலைக் குறியீட்டு அட்டைகளை அவள் அறைச் சுவரில் மாட்டிவிட்டேன். அவசரத்தில் எது எங்கே என்று பார்க்கவில்லை. அவள் பெட்டியோடு உள்ளே வந்து நின்று பார்க்கிறாள். கட்டிலுக்கு நேர் மேலே 'இங்கே வண்டி நிறுத்தக் கூடாது'.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாதானப்படுத்தியிருப்பேன். நேற்றுத்தான், "அத்தை வராதங்கிறாங்க. நீங்க போங்கிறீங்க. நான் எங்கதாம்ப்பா இருக்கறது?" என்றாள். சாதாரணமாக, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது மாதிரி.

இப்போது இரண்டும் வேண்டாம் என்கிறாள். லைசென்ஸ் ஆபீஸ் வாசலில் வண்டி இன்சூரன்ஸ் போடுகிற கடையில் ஆள் கேட்கிறார்களாம். அங்கே சேர்ந்துகொண்டு, ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொள்கிறாளாம். சொன்னால் செய்கிறவள். இருபதாம் தேதி தாண்டினால் இரண்டு இடமும் போய்விடும்.

இதற்கு ஒரு உதாரணம் சொல் பார்க்கலாம்.

தம்பி


மே 6

தம்பி,

உதாரணம் எதுவும் இல்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பின்னறையைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்தேன். அங்கிருந்துதான் இதை எழுதுகிறேன். இதை நண்டுவுக்குப் படித்துக் காட்டு. நான் நேரில் சொன்னால் பாதியில் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

இந்த அறையில் சாமான் எதுவும் இல்லை. ஒரு கட்டில் இருக்கிறது. அவள் உயரத்துக்கு என்று தச்சரிடம் சொல்லி நீளமாகச் செய்தது. ஜன்னலோரம் ஒரு மேசை, ஒரு விளக்கு. சுவருக்கு இளம்பச்சை. அவளுக்குப் பிடித்த நிறம் இன்னும் அதுதானா என்று தெரியாது, சின்ன வயதில் பிடிக்கும். அவளுக்கு இங்கிருந்து அழைப்பு வந்தது என்று நீ போனில் சொன்ன மறுநாளே தச்சரைக் கூப்பிட்டுவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளிடமும் கேட்கவில்லை. ஒரு தலையணை உறைகூட வாங்கினேன் என்றால் பார்த்துக்கொள்.

அதன் பிறகுதான் உங்கள் ஊருக்கு வந்தேன். உன் வீட்டில் நீங்கள் இருவரும் டீவி முன்னால் ஒரே கிண்ணத்தில் கைவிட்டுக் கடலை கொறித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எனக்கு உள்ளுக்குள் குத்தியது. மனைவியை இழந்து நிற்பவனிடமிருந்து மகளையும் இழுத்துக்கொள்ளப் பார்க்கிறேனே, அதுவும் எதற்கு? சாயங்காலம் கதவைத் திறந்தால் உள்ளே வெளிச்சம் தெரிய வேண்டும், அதற்கு. நீ ரயில் ஜன்னலில் கேட்டபோது என் வாயில் இருந்த பதில், "என்கிட்ட அனுப்பிடு" என்பதுதான். வண்டி கிளம்பியது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து, என் ஆசைக்கு நேர் எதிராக எழுதிவிட்டால் நியாயமாக இருந்துவிடலாம் என்று எழுதினேன். குடை உதாரணம் அப்படி வந்ததுதான். அது கோணல் உதாரணம். படிப்பைக் குடையோடு ஒப்பிட்டது எதற்காக? மடக்குவதற்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். காய்கறிக்காரர் தன் பக்கம் சாயாதபடி தராசுத் தட்டில் விரலை வைத்து அழுத்தினாலும் அது தப்பான எடைதான். எந்தப் பக்கம் அழுத்தினார் என்பதா முக்கியம்?

அந்த ராத்திரி அவள் கால் சோபாவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு, கையில் சாவியோடு ஹாலில் நின்றேன். திறந்து காட்டினால் அவள் இரக்கப்பட்டு இங்கே வந்துவிடுவாள் என்று பயம். திறக்காவிட்டால் அவள் என்ன நினைப்பாள் என்று தோன்றவே இல்லை. இத்தனை பிள்ளைகளின் முகத்தைப் படித்தவள் என்று பெயர்.

நண்டு, உன்னை வராதே என்று நான் நினைத்ததே இல்லை. வா வா என்று நினைத்துக்கொண்டுதான் கதவைப் பூட்டினேன். இதற்காக நீ இங்கே வர வேண்டாம். கட்டில் யாருக்காவது உதவும். ஆனால் தெரிந்துகொண்டு முடிவு செய்.

தம்பி, நீயும் சும்மா அட்டை மாட்டியிருக்க மாட்டாய். உனக்கு என்ன வேண்டும்?

அக்கா


மே 18

அக்கா,

உன் கடிதம் எட்டாம் தேதியே வந்துவிட்டது. நான் நேற்றுத்தான் படித்துக் காட்டினேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். வாசலிலேயே பிரித்துப் படித்தேன். நீளமாகச் செய்த கட்டில் என்ற இடத்தில் தெரிந்துவிட்டது, இதைக் காட்டினால் இவள் போய்விடுவாள். மடித்து வண்டியின் டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டேன். நாளைக்குக் காட்டலாம் என்று நினைத்தேன். அந்த 'நாளைக்கு' தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. "அத்தைகிட்டருந்து லெட்டர் ஏதும் வந்துச்சாப்பா?" என்று ஒரு தடவை கேட்டாள். "இல்லம்மா" என்றேன். உன்னைப் பொய்க்காரி என்று எழுதிய அதே கையால் சோறு பரிமாறிக்கொண்டே சொன்னேன்.

போ போ என்று உலகத்துக்கு முன்னால் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். நீ வாயைத் திறந்து வா என்றதும் கடிதத்தை ஒளித்து வைக்கிறேன். அப்போதுதான் என் வண்டவாளம் எனக்கே தெரிந்தது.

நேற்று பல் டாக்டரை இறக்கிவிட்டு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது, நண்டு இன்சூரன்ஸ் கடைக்குப் போட்டுக்கொள்ள இஸ்திரி போட்ட சட்டையோடு வெளியே வந்தாள். முதலாளியைப் பார்க்கப் போகிறாளாம். "கொஞ்சம் உள்ள ஏறு" என்றேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். நான் என் சீட்டில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். தேதியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டி ஏதாவது சொல்லியிருக்கலாம்.

படிக்க ஆரம்பித்தேன். கடலைக் கிண்ணம் வந்த இடத்தில் கடிதத்தை அவளிடம் நீட்டினேன். அவளே வாங்கி மீதியைப் படித்தாள். கடைசி வரியை மட்டும் சத்தமாகப் படித்தாள். "உனக்கு என்ன வேண்டும்?" படித்துவிட்டு, "அத்தை கேக்கறாங்கல்ல, சொல்லுங்கப்பா" என்றாள்.

என் காலடியைக் காட்டினேன். பயிற்சி வண்டியில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு, உனக்குத் தெரியும். "பாரு, என் பக்கம் பிரேக் இருக்கு. ஆக்ஸிலேட்டர் கிடையாது. போ போன்னு சொன்னதெல்லாம் சும்மா. நீ இங்கயே இருக்கணும். வந்து பேக்க வீசிட்டு, பசிக்குதுன்னு கத்தணும். பல் டாக்டர தினம் அந்த கேட் பக்கம் ஓட்டிட்டுப் போனது அவருக்காக இல்ல" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அது சிரிப்பாக இல்லை. ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். ஹாரன் அடித்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "ஒண்ணுமில்ல, கிளாஸ் நடக்குது" என்றேன்.

"ரெண்டு பேரும் பெரிய மனுஷங்களாப்பா?" என்றாள். "ஒருத்தர் கட்டில் செஞ்சு வச்சுப் பூட்டுறாங்க. ஒருத்தர் இருன்னு சொல்றதுக்கு 'நிறுத்தக் கூடாது'ன்னு போர்டு மாட்டுறாரு. நான் என்னவோ ரெண்டு வீட்டுலயும் வேண்டாத சாமான்னு நினைச்சு மூணு வாரமா செத்துட்டிருக்கேன்." அதோடு விடவில்லை. "நீங்க அத்தையக் கேட்டீங்க. அத்தை உங்களுக்கு எழுதினாங்க. என்னைய யாராவது கேட்டீங்களா?"

அக்கா, நான் யோசித்துப் பார்த்தேன். ரயில் ஜன்னலில் உன்னைக் கேட்டபோது அவள் என் பின்னால்தான் வந்தாள், உன் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு. திரும்பி அவளைக் கேட்கத் தோன்றவில்லை.

நேற்றுக் கேட்டேன். அதற்குப் பதில் சொல்ல அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இங்கே இருக்கிற பல்கலைக்கழகத்துக்கும் போய் அதே ஃபீஸ் கேள்வியைக் கேட்டிருக்கிறாள். "நல்ல விளம்பரம் பண்ணியிருப்பீங்க" என்று சொல்லி ஒரு பேனா கொடுத்தார்களாம். உங்கள் ஊரில் அந்த மனிதர் திருப்பிக் கேள்வி கேட்டாராம். "எனக்கு அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் தெரியலப்பா. தெரிஞ்சாகணும்" என்றாள். அந்த மேசையிலிருந்து எழுந்தபோதே முடிவு செய்துவிட்டாளாம். அதைத்தான் ஸ்டேஷனில் உன்னிடம் சொல்ல வந்திருக்கிறாள். நீயோ வராத ரயிலைக் காட்டிவிட்டாய்.

இன்று காலையில் உங்கள் ஊருக்குச் சம்மதம் அனுப்பிவிட்டாள். ஒரு நிபந்தனை. உன் வீட்டில் தங்க மாட்டாள். ஹாஸ்டல்தான். "அத்தைக்குத் துணையா நான் போகல, படிக்கப் போறேன். ஞாயித்துக்கிழமை மட்டும் வருவேன்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

எனக்குச் சந்தோஷமா என்று கேட்காதே.

தம்பி


மே 26

அன்புள்ள தம்பிக்கு,

ஹாஸ்டல் என்ற வார்த்தையைப் படித்தபோது எனக்கு வலித்தது. பிறகு, சரியான மார்க்தான் போட்டிருக்கிறாள் என்று பட்டது.

நீ கடிதத்தை ஒளித்து வைத்ததற்காக உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. நான் ஒரு அறையையே ஒளித்து வைத்தவள். உறுத்துவது வேறு. நான் ஆசைப்பட்டது, பாதியாவது, நடந்துவிட்டது. நீ ஆசைப்பட்டது நடக்கவில்லை. அவள் தனக்காகத்தான் முடிவு செய்தாள் என்று நீ எழுதியதை நம்புகிறேன். அப்படியும், ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, கட்டிலைப் பற்றி எழுதாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. நீ உண்மையைச் சொல் என்று நான் கேட்டேன். நீ சொன்னாய். சொன்னதற்கு உனக்குக் கிடைத்தது காலி அறை.

கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். பூட்டைக் கழற்றிக் கீழ்வீட்டுக்காரரின் சைக்கிளுக்குக் கொடுத்துவிட்டேன்.

அக்கா


ஆகஸ்ட் 12

அக்காவுக்கு,

நண்டுவைக் கொண்டுவந்து விட்ட அன்று உன் வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டு உடனே கிளம்பிவிட்டேன் என்று கோபித்துக்கொண்டாயாம். உட்கார்ந்திருந்தால் உன் முன்னால் அழுதிருப்பேன். ஹாஸ்டலில் பெட்டியை இறக்கும்வரை தாக்குப்பிடித்ததே பெரிது.

நாங்கள் வந்த வழியைச் சொல்ல வேண்டும். ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன், சொந்த மகளுக்கு இந்தக் கோடையில்தான் கற்றுக்கொடுத்தேன். அடிபட்டுவிடும் என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டிருந்தேன். போன வாரம் லைசென்ஸ் வாங்கினாள். உங்கள் ஊர் வரைக்கும் அவள்தான் ஓட்டினாள், பயிற்சி வண்டியிலேயே. நான் என் சீட்டில். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் மடக்கிச் சீட்டு மேல் வைத்துக்கொண்டேன். "என்னப்பா, கால் வலிக்குதா?" என்றாள். "இல்ல, கீழ வச்சா மிதிச்சிருவேன்" என்றேன். ஒரு லாரிக்காரன் குறுக்கே வந்தான். என் கால் தானாக இறங்கப் பார்த்தது. கையால் பிடித்துக்கொண்டேன். அவளே சமாளித்தாள்.

திரும்பும்போது நான் ஓட்டினேன். பக்கத்து சீட் காலி. நடுவழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தி இரண்டு டீ சொல்லிவிட்டேன், பழக்க தோஷத்தில். இரண்டையும் நானே குடித்தேன்.

சுவரிலிருந்த அட்டைகளை எல்லாம் கழற்றிவிட்டேன். ஆணி அடித்த ஓட்டைகள் இருக்கின்றன. அவள் லீவுக்கு வருவதற்குள் அடைக்க வேண்டும்.

பல் டாக்டர் ஒரு வழியாகப் பாஸ் ஆகிவிட்டார். "மாஸ்டர், புது வண்டி வாங்கட்டுமா, பழசு போதுமா? நீங்க சொன்னா சரி" என்று வந்து நிற்கிறார். எனக்கோ என்னிடம் சும்மா நிற்கிற இன்னொரு பழைய வண்டியை அவரிடம் விற்றுவிட்டால் தேவலை. அதை நினைத்தாலே குற்றவாளி மாதிரி இருக்கிறது. அதனால், "புதுசே வாங்கிடுங்க டாக்டர்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா என்று பார்க்கிறேன். என்ன சொல்கிறாய்?

தம்பி


ஆகஸ்ட் 20

அன்புள்ள தம்பிக்கு,

முதல் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போனாள். நீளக் கட்டிலில் மத்தியானம் தூங்கினாள். கால் வெளியே நீட்டவில்லை. எழுந்து வந்து டீ போட்டுக்கொண்டே கேட்டாள்: "அத்தை, கூட ஒரு பாடம் எடுத்துக்கணும். புள்ளியியலா, பொருளாதார வரலாறா? எது நல்லது?"

என் நாக்கு நுனியில் ஒரு உதாரணம் வந்து நின்றது. நல்ல உதாரணம்தான், இரண்டு தையல்காரர்கள் வருவார்கள். அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன். "முதல்ல எனக்கு என்ன ஆசைன்னு சொல்லிடறேன். நீ வரலாறு எடுத்தா என்கிட்ட இருக்கற புத்தகத்துக்காக அடிக்கடி வருவ. அதனால எனக்கு வரலாறுதான் வேணும்" என்றேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது.

அவள் டீயை ஆற்றிக்கொண்டே, "அது தெரியும் அத்தை. இப்ப யோசனையச் சொல்லுங்க" என்றாள்.

யோசனையைச் சொன்னேன். புள்ளியியல் எடுத்திருக்கிறாள். உன் ஃபீஸ் கேள்விக்கு அதுதான் வேண்டுமாம்.

வீட்டை விட்டு அவள் இறங்கிப் போன பிறகு உன் நினைவு வந்தது. இரண்டு டீ. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது, உறுத்தட்டும். தீபோல் சுடுவதற்கெல்லாம் மருந்து தேட வேண்டியதில்லை. சிலது, அடுத்த முறை கையை எங்கே வைக்க வேண்டும் என்று நினைவு வைத்துக்கொள்ள உதவும்.

பல் டாக்டர் விஷயம் கேட்டாய். தன் ஆசையை மறைத்துக்கொண்டு சொன்னாலும் தப்பு, ஆசைக்கு எதிராகச் சொல்லித் தப்பித்தாலும் தப்பு என்று நாம் இருவரும் சேர்ந்து ஒரு பெண்ணைப் படாதபாடு படுத்திக் கற்றுக்கொண்டோம். ஆகவே அடுத்த முறை யாராவது உன் முன்னால் வந்து நின்று "எது நல்லது?" என்று கேட்டால், யோசனையைச் சொல்வதற்கு முன்னால், "இதில் எனக்கு ஒரு ஆசை இருக்கிறது, அது இன்னது" என்று ஒரே ஒரு வரி சொல்லிப் பார்.